கப்பல் சுமந்து வரும் தண்ணீர்

(குற்றாலத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது நம் செயலாளர், "கப்பல்ல என்ன வேலை பாத்தீங்கன்னு பிள்ளைகளுக்குச் சொல்லுங்க அண்ணாச்சி. புயல், கடற்கொள்ளைக்காரன்னு சுவாரசியமா ஏதாவது இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார். புயலைப் பார்த்திருக்கிறேன். கொள்ளைக்காரரைப் பார்க்கவில்லை, அது நான் செய்த புண்ணியம். ஆனால் சீஃப் ஆபீசராக இருந்த காலத்தில் நான் அதிகம் பார்த்த வேலை தண்ணீர் ஏற்றுவதும் தண்ணீர் இறக்குவதும்தான். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சுவாரசியம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்கிறேன். அது உங்களைத் தூங்க விடாது என்று நம்புகிறேன்.

தென்காசிக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இதோ இந்த மேடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் விழுகிற அருவித் தண்ணீர் சிற்றாறாகி, தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போகிறது. தண்ணீருக்கு இருக்கிற சம்பந்தம் நமக்கும் இருக்கக்கூடாதா?

காலிக் குடமும் கப்பலும்

நம் இயற்பியல் வகுப்பில் மெட்டாசென்டர் என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு வரும் என்று நெட்டுருப் போட்டோம். அது என் சோற்றுக்கு வழியாகும் என்று அன்றைக்கு நினைக்கவில்லை.

காலிக் குடத்தைத் தண்ணீரில் விட்டால் சாய்ந்து உருளும். பாதி தண்ணீர் ஊற்றி விட்டால் நிமிர்ந்து நிற்கும். கப்பலும் அப்படித்தான். சரக்கை இறக்கிய கப்பல் உயரமாக மிதக்கும், காற்றடித்தால் ஆடும், பின்னாலுள்ள விசிறி தண்ணீருக்கு மேலே தெரியும். அதனால் அடியிலும் பக்கவாட்டிலும் உள்ள தொட்டிகளில் கடல் நீரை ஏற்றிக்கொள்கிறோம். இதற்குப் பேலஸ்ட் தண்ணீர் என்று பெயர். பழைய பாய்மரக் கப்பல்களில் கல்லும் மணலும் போட்டார்கள். இரும்புக் கப்பலும் பம்பும் வந்தபின் தண்ணீர் வந்தது.

எவ்வளவு தண்ணீர் என்று கேட்பீர்கள். நிலக்கரியோ தானியமோ ஏற்றும் ஒரு நடுத்தரக் கப்பல் 20 ஆயிரம் டன் வரை சாதாரணமாக ஏற்றிக்கொள்ளும். கோடையில் நம் தெருவுக்கு வருகிற 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்குப் போட்டால் 1,660 லாரிக்கு மேல். அத்தனையையும் ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் சரக்கு ஏற்றும்போது கடலில் விடுகிறோம். சரக்கை வாங்குகிற துறைமுகம் தன் தண்ணீரைக் கொடுத்தனுப்புகிறது. சரக்கை விற்கிற துறைமுகம் அடுத்தவர் தண்ணீரை வாங்கிக்கொள்கிறது.

தண்ணீர் மட்டும் போனால் பரவாயில்லை. அதற்குள் மீன் முட்டை, சிப்பிக் குஞ்சு, நண்டுக் குஞ்சு, பாசி, கிருமி எல்லாம் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கின்றன.

அழைத்து வந்ததும் அழையாமல் வந்ததும்

வெளியூர்ச் செடி, வெளியூர் உயிர் என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் குற்றாலத்தில் நின்று பேச முடியாது. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளைக் கப்பலில் கொண்டுவந்து இந்த மலையடிவாரத்தில் தோட்டம் போட்டார்கள். சீசனில் நாம் பேரம் பேசி வாங்குகிற மங்குஸ்தானும் ரம்புட்டானும் தென்கிழக்காசியப் பழங்கள்தாம். இவையெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து வந்த விருந்தாளிகள்.

நம் குளங்களை மூடியிருக்கிற ஆகாயத்தாமரையையும், கண்மாய்க் கரையைப் பிடித்துக்கொண்ட சீமைக்கருவேலத்தையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். வந்த பிறகு திருப்பி அனுப்ப நம்மால் முடிந்ததா? கடலுக்கடியில் இதே கதை நடந்தால் கண்ணுக்கும் தெரியாது.

உலகத்தில் இது நடந்திருக்கிறது. 1988-ல் வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் வரிக்குதிரைச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. கருங்கடல், காஸ்பியன் பகுதியைச் சேர்ந்த நகத்தளவு சிப்பி அது. குடிநீர்க் குழாய்களையும் மின் நிலையக் குழாய்களையும் அடைத்துப் பெரும் செலவு வைத்தது. அதே காலத்தில், அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒருவகைச் சீப்பு ஜெல்லி கருங்கடலுக்குப் போய்ப் பெருகி, மீன் முட்டைகளையும் மீன்குஞ்சுகளின் உணவையும் தின்றது. அங்கே நெத்திலி மீன்பிடிப்பு 1990-ஐ ஒட்டி விழுந்தது. 1991-ல் தென் அமெரிக்காவில் காலரா பரவியபோது, அங்கிருந்து அமெரிக்காவின் மொபைல் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீரில் காலராக் கிருமி இருந்தது பரிசோதனையில் தெரிந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். செங்கோட்டையில் ரயிலேறி ஆரியங்காவு தாண்டினால் கொல்லம். அங்கே அஷ்டமுடிக் காயலிலும், வடக்கே கொச்சிக் காயலிலும் தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒரு கருஞ்சிப்பி பரவியிருப்பதை 2019-ஐ ஒட்டி ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே சிப்பி சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் பெருகியது. அங்குள்ள மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். ஆற்றின் அடிச்சேற்றை மேலே விரிப்புப் போட்ட மாதிரி மூடிவிடுகிறது. சேற்றில் புதைந்து வாழ்கிற இறாலுக்கு இடமில்லை. அங்கே கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் உண்டு. இப்போது கையில் தட்டுவது சிப்பி ஓடுதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு வரை இந்த விவகாரம் போயிற்று. கப்பலின் பேலஸ்ட் தண்ணீரிலோ, அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டோ இது வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

எண்ணெய் கொட்டினால் பல வருஷமானாலும் கடல் மெல்ல மெல்லக் கரைக்கும். உயிர் கொட்டினால் அது குட்டி போடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

சட்டம் கேட்பது என்ன?

சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. 2004 பிப்ரவரியில் பேலஸ்ட் தண்ணீர் உடன்படிக்கையை ஏற்றது. உலகக் கப்பல் கொள்ளளவில் 35 சதவீதம் உள்ள 30 நாடுகள் சேர வேண்டும் என்பது நிபந்தனை. அது நிறைவேறி 2017 செப்டம்பர் 8-ல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே 2000-ல் தொடங்கிய ஐ.எம்.ஓ.வின் முன்னோடித் திட்டத்தில் உலகில் ஆறு இடங்களைத் தேர்ந்தபோது, இந்தியாவில் மும்பை அதில் ஒன்று. உடன்படிக்கையில் சேராத அமெரிக்கா, தன் கடலோரக் காவல்படை மூலம் 2012-லிருந்து தனிச் சட்டம் வைத்திருக்கிறது.

முதல் கட்டத்தில் கேட்டது எளிது. கரையிலிருந்து 200 மைலுக்கு அப்பால், 200 மீட்டர் ஆழத்துக்கு மேற்பட்ட இடத்தில் தண்ணீரை மாற்று. ஆழ்கடல் உயிர் கரையோரத்தில் பிழைப்பது கடினம், கரையோர உயிர் ஆழ்கடலில் பிழைப்பது கடினம் என்பது தத்துவம். ஒவ்வொரு தொட்டிக்கும் அதன் அளவைப்போல மூன்று மடங்கு தண்ணீரைச் செலுத்தவேண்டும். 20 ஆயிரம் டன்னுக்கு 60 ஆயிரம் டன். மணிக்கு 1,000 டன் பம்ப் என்றால் 60 மணி நேரம்.

இரண்டாவது கட்டம் டி-2 என்கிற அளவுகோல். வெளியே விடும் ஒரு கனமீட்டர் தண்ணீரில், 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிர் பத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும். 10-லிருந்து 50 மைக்ரானுக்குள் உள்ளவை ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக்குக் குறைவு. காலரா, ஈ-கோலி, என்டரோகாக்கை கிருமிகளுக்கும் தனித்தனி வரம்பு. 2024 செப்டம்பர் 8-க்குள் உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல்கள் எல்லாம் இந்த அளவுக்கு வந்தாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அதற்காகத்தான் கப்பலுக்குக் கப்பல் சுத்திகரிப்பு இயந்திரம் ஏறியது.

இயந்திரங்களில் பெரும்பாலும் இரண்டு வகை. முதல்வகையில் 40, 50 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, புற ஊதா விளக்கின் முன்னே ஓடவிடுவார்கள். உயிர் உடனே சாகாவிட்டாலும் பெருக முடியாது. வெளியே விடும்போது இன்னொரு தடவை விளக்கைக் காட்டவேண்டும். இரண்டாம் வகையில் கடல்நீரின் உப்பிலிருந்தே மின்சாரத்தால் குளோரின் தயாரித்துக் கொல்வார்கள். விடும்போது மிச்சக் குளோரினை மருந்து போட்டு முறிக்கவேண்டும். கலங்கல் தண்ணீரில் முதல் வகை திணறும். உப்பில்லாத ஆற்றுத் தண்ணீரில் இரண்டாம் வகை திணறும். விற்பனைப் புத்தகத்தில் இதைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இயந்திரத்தோடு மூன்று காகிதம் உண்டு. சான்றிதழ் ஒன்று, அந்தக் கப்பலுக்கென்றே எழுதிய நிர்வாகத் திட்டம் ஒன்று, பேலஸ்ட் தண்ணீர்ப் பதிவேடு ஒன்று. எங்கே, எப்போது, எத்தனை டன் ஏற்றினோம், எப்படிச் சுத்தம் செய்தோம், எங்கே விட்டோம் என்று பொறுப்பு அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பக்கம் முடிந்தால் கேப்டன் கையெழுத்து. இரண்டு வருஷம் கப்பலிலும், பிறகு மூன்று வருஷம் கம்பெனியிடமும் அந்தப் பதிவேடு இருக்கவேண்டும்.

நான் செய்த தப்பு

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2019. ஓர் ஆற்று முகத்துவாரத் துறைமுகம். ஊரின் பெயரும் வேண்டாம், கம்பெனியின் பெயரும் வேண்டாம். நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தோம். கரையிலுள்ள கிரேன் நாங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாக அள்ளியது. சரக்கு குறையக் குறையத் தண்ணீர் ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் கப்பலின் உடம்புக்கு ஆகாது.

ஆற்றுத் தண்ணீரோ மழைக்காலத்துச் சிற்றாறு மாதிரி செம்மண் கலங்கல். ஃபில்டர் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும்; ஆனால் கழுவி முடித்த நிமிஷமே மறுபடி அடைத்தது. மணிக்கு 800 டன் போகவேண்டிய இடத்தில் 150 டன் போயிற்று. ராத்திரி இரண்டு மணி. கரையிலிருந்து சத்தம் போடுகிறார்கள். ஏஜென்ட் போன் மேல் போன். ஆபீசிலிருந்து ஒருவர், "எப்படியாவது முடிச்சிருங்க, கப்பல் நிக்கக்கூடாது" என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பைபாஸ் வால்வு உண்டு. ஆபத்துக்கு வைத்தது. அதைத் திறக்கச் சொன்னேன். ஐந்து தொட்டிகளில் ஏறக்குறைய ஆறாயிரம் டன் கலங்கல் தண்ணீர் நேராக உள்ளே போயிற்று.

இதுவரை நான் செய்ததைக்கூட நியாயப்படுத்தலாம். கப்பலின் பத்திரம் முதலில். சட்டத்திலும் அதற்கு இடமுண்டு. தப்பு அதற்குப் பிறகு நடந்தது. காலையில் பதிவேட்டை எடுத்து, ஐந்து தொட்டிக்கும் "சுத்திகரித்து ஏற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த துறைமுகத்துக்கு ஒன்பது நாள் பயணம். நடுவே ஆழ்கடல். தண்ணீர் சுத்திகரிக்கப்படவில்லை என்று உள்ளதை எழுதியிருந்தால், அடுத்த துறைமுகத்துக்கு முன்கூட்டித் தகவல் கொடுத்து, அந்தத் தொட்டிகளை ஆழ்கடலில் அலசி, தெளிந்த கடல் நீரை அதே இயந்திரத்தின் வழியாகவே ஏற்றி, சுத்தமாகப் போய் நின்றிருக்கலாம். இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று ஐ.எம்.ஓ. 2017-லேயே வழிகாட்டுதல் தந்திருந்தது. ஆனால் சுத்தம் செய்தாயிற்று என்று எழுதிய தண்ணீரை எந்தக் காரணம் சொல்லி மாற்றுவது? கேப்டனிடம் என்ன சொல்வது? ஒரு வரி பொய், சரிசெய்ய இருந்த ஒன்பது நாளையும் தின்றுவிட்டது.

போய்ச் சேர்ந்தோம். சரக்கு ஏற்றினோம். தண்ணீரை விட்டோம். ஆய்வாளர் வந்து பதிவேட்டைப் பார்த்து "நல்லா வச்சிருக்கீங்க" என்றுகூடச் சொன்னார். இயந்திரத்துக்குள் 24 மாத நினைவுப்பெட்டி உண்டு. பைபாஸ் வால்வு எந்த நிமிஷம் திறந்தது என்று அதில் இருக்கும். அவர் அதைக் கேட்கவில்லை.

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது, அந்தக் கரையில் அது என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

கரைக்கு வந்தபின் எண்ணூருக்கு ஒரு தடவை போனேன். என் கப்பல் அங்கே போனதே இல்லை. அதனால் அது என் தண்ணீர் இல்லை. அங்கே ஒரு பெரியவர் ஒரு கொத்துச் சிப்பியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "இது எங்கேருந்து வந்துச்சுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க தம்பி" என்றார். என்னைப் போல் ஒருவன் எங்கோ ஒரு புத்தகத்தில் ஒரு வரி எழுதியிருப்பானோ என்று தோன்றியது. அவரிடம் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

கரையிலிருப்பவர் கடமை

இப்போது நான் கப்பல் நிர்வாக ஆபீசில் இருக்கிறேன். அதாவது, ராத்திரி இரண்டு மணிக்குப் போன் எடுக்கிற ஆள் இன்று நான்தான். பதிவேட்டில் பொய் எழுதுவது கப்பலில் நடந்தாலும், அதற்கு முக்கால் காரணம் கரையில் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் சொல்கிறேன். அதனால் நாங்கள் சில காரியங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

முதலாவது, கப்பல் போகுமுன்பே அந்தத் துறைமுகத் தண்ணீர் கலங்கலா, உப்பு எவ்வளவு என்று கேட்டு, நம் இயந்திரம் தாங்குமா என்று பார்ப்பது. தாங்காது என்றால் சரக்கு இறக்கும் வேகத்தை ஒப்பந்தத்திலேயே பேசிவிடுவது.

இரண்டாவது, உதிரிப் பாகம். விளக்கு, ஃபில்டர் வலை, குளோரின் அளக்கும் கருவிக்கான மருந்து ஆகியவை தீருமுன் அனுப்புவது. கருவி பழுதான கப்பலில் சீஃப் ஆபீசரைத் திட்டிப் பயனில்லை.

மூன்றாவது, பயிற்சி. வேறு கம்பெனியிலிருந்து புதிதாக வருகிறவருக்கு இந்தக் கப்பலின் இயந்திரம் தெரியாது. கையில் புத்தகத்தைக் கொடுத்தால் போதாது; ஒரு தடவை கூட நின்று ஓட்டிக் காட்டவேண்டும்.

நான்காவது, என் அனுபவத்தில் மிகப் பெரியது. பைபாஸ் திறந்தேன் என்று உண்மையைச் சொல்கிறவருக்குத் தண்டனை இல்லை; பொய் எழுதினால் வேலை இல்லை. இதை எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

சென்ற பருவமழையில் ஓர் இளம் சீஃப் ஆபீசர் கூப்பிட்டார். "சார், ஃபில்டர் அடைச்சிருச்சு. கரையில அவசரப்படுத்துறாங்க. என்ன செய்யட்டும்?" குரலில் அன்றைய என் குரலே கேட்டது. "கரையில வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்க. நான் ஏஜென்டுகிட்ட பேசுறேன். குறைக்க முடியாம பைபாஸ் திறந்தா, திறந்த நேரத்தை அப்படியே எழுதுங்க. மிச்சத்தை நாம நடுக்கடல்ல பாத்துக்கலாம்" என்றேன். கப்பல் பதினோரு மணி நேரம் தாமதமாயிற்று. மறுநாள் மேலதிகாரியிடம் அதற்கு நான் பதில் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன்.

நீதிக்காக மட்டுமல்ல, லாப நஷ்டக் கணக்குக்காகவும் இதுதான் சரி. 2025 செப்டம்பர் முதல் நவம்பர் வரை பாரிஸ், டோக்கியோ துறைமுக ஆய்வு அமைப்புகள் பேலஸ்ட் தண்ணீருக்கென்றே தனி ஆய்வு நடத்தின. இப்போது ஆய்வாளர்கள் பதிவேட்டையும் இயந்திர நினைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அன்று எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் இன்று யாருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைக்கவும் வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

தம்பி, தங்கைகளே! கப்பலுக்கு மாலுமி மட்டுமல்ல, தாவரவியல், விலங்கியல், வேதியியல் படித்தவர்களும் தேவை. தண்ணீர் மாதிரி எடுத்து உயிர் எண்ணுவது, துறைமுகத்தில் எந்த உயிர் புதிது என்று கண்டுபிடிப்பது எல்லாம் உங்கள் பாடம்தான். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் போன்ற இடங்களில் இந்த வேலை நடக்கிறது. நம் தூத்துக்குடித் துறைமுகத்தின் பக்கத்திலேயே மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் இருக்கின்றன. அங்கே புதிதாக ஒரு சிப்பி ஒட்டினால் முதலில் கண்டுசொல்ல, கற்றவர் ஒருவர் கரையில் இருக்கவேண்டும். அது உங்களில் ஒருவராக இருக்கட்டும்.

நீங்கள் கப்பலுக்கே போகாவிட்டாலும் ஒரு நாள் உங்கள் முன்னாலும் ஒரு பதிவேடு இருக்கும். ஆஸ்பத்திரியில் இருக்கும், பாங்கியில் இருக்கும், பள்ளிக்கூடத்தில் இருக்கும். நேரம் இரண்டு மணி இருக்கும், யாரோ அவசரப்படுத்துவார். தப்பு நடந்திருக்கலாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அப்படி எழுதினால் சரிசெய்ய இன்னும் நாள் இருக்கும்.

சாப்பாட்டுக்கு நேரமாயிற்று என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வெளியே சாரலும் விழுகிறது.